மேலாகாயப் படங்களை வாசிக்கும் முறை
திருப்புட்குழி வட்டாரக் குடியானவர்களுக்கு ஒரு பாடம்

ஆவணி, புரட்டாசி மாதங்களில் காஞ்சீபுரத்தினின்று வேலூர் செல்லும் பெருஞ்சாலையில் பாலுசெட்டி சத்திரம், திருப்புட்குழி, தாமல் ஆகிய ஊர்களின் வழியே பிற்பகல் வேளையில் செல்வோர், களங்களில் சொர்ணவாரி நெல் உலர்ந்துகொண்டிருப்பதையும், குடியானவர்கள் நாழிகைக்கு ஒருமுறை மேற்குத் திக்கை அண்ணாந்து பார்ப்பதையும் காணலாம். மேற்கே கறுத்தால் நெல்லைக் குவித்துத் தார்ப்பாயால் மூடவேண்டும். மூடியபின் மழை பெய்யாது போனால் அரை நாள் வெயில் வீண். மூடாமல் விட்டு மழை பெய்தாலோ மூன்று மாதத்துப் பாடு வீண். நனைந்த நெல் முளைவிடும், நிறம் கெடும். நேரடிக் கொள்முதல் நிலையங்களில் 17 சதவீதத்திற்கு மேல் ஈரமுள்ள நெல் பொதுவாக ஏற்கப்படுவதுமில்லை. அவ்வூர்களிலேயே பட்டு நெய்வோருக்கும் இக்கவலை உண்டு. விடியற்காலையில் தெருவில் பாவு விரித்தபின் தூறல் விழுந்தால் அன்றைய வேலை நின்றுவிடும். குழித்தறியில் ஊற்று நீர் கண்டால் ஒரு வாரமே நின்றுவிடும்.

மேகத்தின் நிறம், தட்டானின் தாழ்ந்த பறப்பு, எறும்பு முட்டை சுமந்து ஏறுதல் முதலியவற்றைக் கொண்டு மழையை அறியும் வழக்கம் நம்மிடையே பழமையானது. அவற்றை இகழவேண்டுவதில்லை. ஆனால் அவை யாவும் தரைமட்டத்துக் குறிகள்; ஒன்றிரண்டு மணி நேரத்திற்கு முன்னரே அறிவிப்பன. நாளைக்கும் மறுநாளைக்கும் உரிய மழையைத் தீர்மானிப்பது நம் தலைக்குமேல் ஒன்றரை கிலோமீட்டர் முதல் பதினாறு கிலோமீட்டர் வரையில் ஓடும் காற்று. அக்காற்றின் படங்களை இந்திய வானிலை இலாகா நாள்தோறும் வெளியிட்டு வருகிறது. கைப்பேசி வைத்திருப்போர் எவரும் அவற்றைக் காணலாம். பார்ப்போர் பலர், வாசிப்போர் சிலர். ஆகவே அப்படங்களை வாசிக்கும் முறையை இக்கட்டுரையில் ஒருவாறு விளக்க முற்படுகிறோம்.

அமுக்கத் தளம் என்பது யாது?

காற்றுக்கு எடை உண்டு. கடல் மட்டத்தில் நிற்கும் ஒருவன் தலைக்குமேலுள்ள காற்று முழுவதன் எடையும் ஏறத்தாழ 1,010 மில்லிபார் அமுக்கமாகத் தெரிகிறது. (இக்காலத்தில் ஹெக்டோபாஸ்கல் என்று எழுதுகிறார்கள், ஒரு மில்லிபாரும் ஒரு ஹெக்டோபாஸ்கலும் ஒன்றே.) மேலே செல்லச் செல்லத் தலைக்குமேல் எஞ்சும் காற்றுக் குறைவதால் அமுக்கமும் குறையும். 500 மில்லிபார் உள்ள இடத்தை அடைந்தோமானால், வாயு மண்டலத்தில் ஏறக்குறையப் பாதி நம் காலுக்குக் கீழே போய்விட்டது என்று பொருள். நம் பிரதேசத்தில் அவ்விடம் 5,850 மீட்டர் உயரத்தை ஒட்டியிருக்கும்.

இப்போது, 500 மில்லிபார் அமுக்கமுள்ள இடங்களை எல்லாம் சேர்த்து ஒரு பெரிய பட்டுத்துணியை ஆகாயத்தில் விரித்ததாகப் பாவித்துக்கொள்வோம். அத்துணி மேசைபோல் மட்டமாக இராது. ஓரிடத்தில் மேடிட்டும் ஓரிடத்தில் தொய்ந்தும் இருக்கும். அதன் மேடுபள்ளங்களைக் காகிதத்தில் வரைந்ததே 500 மில்லிபார் படம். சரிவான புன்செய் நிலங்களில் மண்ணரிப்பைத் தடுக்க ஒரே மட்டமுள்ள புள்ளிகளைச் சேர்த்துச் சமமட்ட வரப்புப் போடும் வழக்கத்தை விவசாய அன்பர்கள் அறிவார்கள். படத்தில் காணும் சமவுயரக் கோடுகளும் அவ்வரப்புகளைப் போன்றவையே. ஒரு கோட்டின்மேல் எங்கும் அத்தளத்தின் உயரம் ஒன்றே. வரப்புகள் நெருங்கியிருக்குமிடத்தில் நிலம் செங்குத்து. கோடுகள் நெருங்கியிருக்குமிடத்தில் காற்றுக் கடுமை.

தளம் மேடிட்ட இடத்தை அதிக அமுக்கமுள்ள இடமென்றும், தொய்ந்த இடத்தைக் குறைந்த அமுக்கமுள்ள இடமென்றும் கொள்ளவேண்டும். ஒரே அமுக்கமுள்ள தளத்தில் அதிகமேது, குறைவேது என்று சிலர் மயங்குவதுண்டு. 500 மில்லிபார் தளம் ஓரூரில் 5,880 மீட்டரிலும் மற்றோரூரில் 5,840 மீட்டரிலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு ஊர்களிலும் சரியாக 5,840 மீட்டரில் கருவியை நிறுத்தினால், முதல் ஊரில் தளம் இன்னும் மேலே இருப்பதால் கருவி 500-க்கு அதிகமாகக் காட்டும். இவ்வளவே விஷயம்.

உயரத்தை நிலையாக வைத்து அமுக்கத்தை வரையாமல், அமுக்கத்தை நிலையாக வைத்து உயரத்தை வரைவானேன் என்ற கேள்வி எழலாம். முற்காலத்தில் குறித்த உயரங்களுக்கே படம் வரைந்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடியும் காலத்தை ஒட்டியே இம்முறை பரவலாயிற்று. பலூனில் செல்லும் கருவி அமுக்கத்தைக்கொண்டே தன் நிலையைச் சொல்லிவந்தது ஒரு காரணம். கணக்கின் எளிமை மற்றொன்று. காற்றின் அடர்த்தி மேலே செல்லக் குறைவதால், உயரப் படங்களில் ஒவ்வொரு மட்டத்திற்கும் வெவ்வேறு வாய்பாடு வேண்டும். அமுக்கத் தளத்தில் அடர்த்தி கணக்கிலிருந்தே விலகிவிடுகிறது. கோடுகளின் இடைவெளிக்கும் காற்றின் வேகத்திற்கும் எல்லாத் தளங்களிலும் ஒரே உறவு பொருந்துகிறது.

பலூன் செய்யும் யாத்திரை

திருப்புட்குழிக்குக் கிழக்கே நேர்க்கோட்டில் சுமார் 60 கிலோமீட்டர் தூரத்திலுள்ள மீனம்பாக்கத்திலிருந்து கருவி தாங்கிய பலூன் பறக்க விடப்படுகிறது. உலகமெங்கும் ஒரே நேரத்தில் இவ்வேலை நடைபெறவேண்டும் என்பது ஏற்பாடு; நம் கடிகாரப்படி காலை 5-30, மாலை 5-30 என்பன அந்நேரங்கள். பலூன் விநாடிக்கு ஏறத்தாழ 5 மீட்டர் வீதம் ஏறி, போகப்போகப் பருத்து, சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்துவிடும். அதுவரை உஷ்ணம், ஈரம், காற்றின் திசை, வேகம் யாவும் ரேடியோ மூலம் தரைக்கு வந்துகொண்டிருக்கும்.

ஆடி, ஆவணி மாதங்களில் இப்பலூன் செய்யும் யாத்திரை வேடிக்கையானது. கீழே மேல்காற்று வீசுவதால் முதலில் கடலை நோக்கிப் போகும். ஆறேழு கிலோமீட்டர் தாண்டியதும் காற்று மாறிக் கீழ்காற்றாகிவிடும். பலூனும் திரும்பி, கரையைக் கடந்து, நம் திக்கை நோக்கி வரும். ஒரே நாளில் ஒரே ஊரின்மேல் இரண்டு எதிர்க் காற்றுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஓடுகின்றன என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுவதில்லை. தரையில் நின்று மேகத்தைப் பார்ப்பவரும் சில மாலைகளில் கீழ்மேகம் கிழக்கே செல்ல, மிக உயரத்திலுள்ள இழைமேகம் மேற்கே செல்வதைக் காணலாம்.

உஷ்ணநிலையைக் குறித்தும் ஒரு வார்த்தை. திருப்புட்குழி, ஜடாயுவுக்கு ஸ்ரீராமர் ஈமக் கடன் செய்த தலமென்று போற்றப்படுவது. ஊர்ப் பெயரே புள்ளைப் புதைத்த குழியைக் குறிப்பதென்பர். அந்த ஜடாயுவின் தமையன் சம்பாதி சூரியனை நெருங்கப் பறந்து சிறகு தீய்ந்தான் என்பது இதிகாசக் கதை. பலூன் கொண்டுவரும் செய்தி வேறுவிதமானது. 850 மில்லிபாரில் சுமார் 18 டிகிரி, 500-இல் பூஜ்யத்திற்குக் கீழே 6 டிகிரி, 200-இல் கீழே 53 டிகிரி, பதினாறரை கிலோமீட்டரை ஒட்டிய 100 மில்லிபாரில் கீழே 80 டிகிரி என, நம் தலைக்குமேல் துருவப் பிரதேசத்திலும் கடுமையான குளிர் நிலவுகிறது. கல்மழை எங்கிருந்து வருகிறதென்று வியப்போர் இவ்வெண்களை நினைவில் கொள்வாராக.

நிலையக் குறிகள்

கையால் வரையப்படும் முறையிலமைந்த படங்களில் ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு சிறு வட்டமும், அதிலிருந்து நீளும் ஒரு தண்டும், தண்டின் நுனியில் இறகுகளும் இருக்கும். இறகுள்ள முனையிலிருந்து வட்டத்தை நோக்கிக் காற்று வீசுகிறது என்று கொள்க. இதைத் தலைகீழாகக் கொள்வதே புதிதாகப் படிப்போர் எல்லாரும் செய்யும் பிழை. அரை இறகு 5 நாட், முழு இறகு 10 நாட், முக்கோணக் கொடி 50 நாட். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். ஆகவே ஒரு கொடியும் இரண்டு முழு இறகுகளும் கண்டால் 70 நாட், அதாவது மணிக்கு 130 கிலோமீட்டர்.

வட்டத்தினருகே மூன்று எண்கள் காணப்படும். ஒன்று உஷ்ணம். ஒன்று, உஷ்ணத்திற்கும் பனிபடு நிலைக்கும் உள்ள வித்தியாசம். இது சிறிதாயிருப்பின் காற்று ஈரமானது, பெரிதாயிருப்பின் வறண்டது. ஐந்து டிகிரிக்குள் இருந்தால் ஈரமென்று கொள்ளலாம். மூன்றாவது எண் தளத்தின் உயரம். இடமின்மையால் சுருக்கி எழுதப்படுவது. 850 படத்தில் 506 என்றிருந்தால் முன்னே 1 சேர்த்து 1,506 மீட்டர் என்க. 700 படத்தில் 142 என்பது 3,142. 500 படத்தில் 586 என்பது பின்னே சுழி சேர்த்து 5,860. 200 படத்தில் 245 என்றால் முன்னே ஒன்றும் பின்னே சுழியும் சேர்த்து 12,450. இச்சுருக்கம் தெரியாமல் 850 படத்தில் 506 மீட்டர் என்று வாசித்தால் பொருள் விபரீதமாகிவிடும்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை செய்யவேண்டும். மேல்நாட்டுப் பாடப்புத்தகங்கள் சமவுயரக் கோடுகளையே பிரதானமாகக் கொண்டு பேசும். பூமியின் சுழற்சியால் காற்றுக்கு ஏற்படும் விலக்கம் அந்நாடுகளில் வலுவானது. ஆகையால் காற்று அக்கோடுகளை ஒட்டியே ஓடும். திருப்புட்குழியோ பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 பாகையை ஒட்டியிருக்கிறது. 45 பாகையிலுள்ள விலக்க சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாகவே இங்குண்டு. தளத்தின் மேடுபள்ளங்களும் இங்கு மிகச் சொற்பம். சென்னைக்கும் விசாகப்பட்டினத்திற்கும் இடையே பத்து இருபது மீட்டர் வித்தியாசமே பெரிதென்னலாம். அவ்வளவு நுண்ணிய வித்தியாசத்தில் கருவியின் பிழையும் கலந்துவிடும். ஆதலின் நம் நாட்டில் காற்றின் திசையையே தொடர்ந்து வரைந்த காற்றோட்டக் கோடுகளை நம்பவேண்டும். கோடுகள் ஒன்றையொன்று நெருங்கி இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றி உள்ளே செல்லுமிடம் சுழி. வலஞ்சுழியாகச் சுற்றி வெளியே செல்லுமிடம் எதிர்ச்சுழி. வானிலை அறிக்கைகளில் மேலடுக்குச் சுழற்சி என்று கேட்கிறோமே, அது இச்சுழியே.

850 மில்லிபார்: ஈரம் வரும் வாய்க்கால்

நமக்கு மிகவும் பயன்படும் படம் இதுவே. தரையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் இக்காற்று, கட்டடம், மரம், கடற்காற்று முதலியவற்றின் தொல்லையின்றித் தூரத்து ஈரத்தைச் சுமந்து வருவது. ஏரிக்கு நீர் கொண்டுவரும் கால்வாயை இதற்கு ஒப்பிடலாம். கால்வாய் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வேகமாக வருகிறது, எங்கே தடைப்பட்டுத் தேங்குகிறது என்ற மூன்றையும் இப்படத்தில் பார்க்கவேண்டும்.

தென்மேற்குப் பருவத்தில் இத்தளத்தில் காற்று மேற்கிலிருந்து வீசும். அது மிக வலுத்து 30 நாட் அளவில் ஓடுமானால் கேரளத்திலும் கன்னடக் கரையிலும் பெருமழை பெய்யும். நம் பக்கம் மலையைத் தாண்டி வறண்டு வருவதால் வெயில் காயும், கடற்காற்றும் உள்நாடு புகாது. அக்காற்றுத் தளர்ந்து 10 நாட் அளவுக்கு இறங்கும் நாட்களில், அதாவது வடநாட்டில் பருவமழை ஓய்வெடுத்து இமயமலை அடிவாரத்தில் ஒதுங்கியிருக்கும் நாட்களில், நமக்கு மாலை இடிமழை மிகும். பத்திரிகைகளில் பருவமழை தீவிரம் என்று படித்தவுடன் களத்து நெல்லை மூடுவதும், பருவமழை ஓய்வு என்று படித்தவுடன் நிம்மதியாயிருப்பதும் நம் ஜில்லாவுக்குப் பொருந்தா. சொர்ணவாரி அறுவடைக்கு உண்மை பெரும்பாலும் இதற்கு நேர் எதிரானது.

வடகிழக்குப் பருவத்தின் தொடக்கத்தை இலாகா அறிவிப்பதற்கும் இத்தளமே ஓர் உரைகல். தென்மேற்குப் பருவம் ஆந்திரக் கரை வரையில் விலகியிருக்கவேண்டும். தமிழகக் கரையில் கீழ்காற்று நிலைத்து வீசவேண்டும். அக்கீழ்காற்று 850 மில்லிபார் வரையில் ஆழமுடையதாயிருக்கவேண்டும். கடலோரத்தில் பரவலாக மழை பெய்திருக்கவேண்டும். இவையெல்லாம் கூடினாலன்றிப் பருவம் தொடங்கியதாகச் சொல்வதில்லை. ஐப்பசி முதல் வாரத்தில் வீட்டு வாசலில் வாடை வீசுவதைக் கண்டே சம்பா வயலுக்கு மேலுரம் போடுவதை நிறுத்துவோர் உளர். தரையில் வாடை வீசினும் 850-இல் இன்னும் மேல்காற்றே ஓடுமானால் அது வெறும் மேலோட்டமான வாடை, பெருமழை தராது.

700, 500: நடத்திச் செல்லும் காற்று

மூன்று கிலோமீட்டர் உயரத்து 700 படத்தில் முதலில் ஈரத்தையே பார்க்கவேண்டும். 850-இல் ஈரமிருந்தும் 700-இல் உஷ்ணத்திற்கும் பனிபடு நிலைக்கும் வித்தியாசம் 15, 20 டிகிரி என்றிருந்தால், எழும் மேகம் நடுவிலேயே வறண்ட காற்றில் கரைந்துபோகும். பிற்பகலில் மேற்கே கோபுரம்போல் எழுந்து, நம்மை அச்சுறுத்தி, ஐந்து மணிக்குள் ஒன்றுமில்லாமற் போகும் மேகங்களின் இரகசியம் பெரும்பாலும் இதுவே.

இடிமேகம் எந்தத் திசையில் எவ்வளவு வேகமாகச் செல்லும் என்பதை 700-க்கும் 500-க்கும் இடைப்பட்ட காற்றுத் தெரிவிக்கும். ஆவணியில் இது சாதாரணமாக மேற்கிலிருந்து வீசுவதால், சித்தூர், வேலூர்ப் பக்கத்து மலைகளில் பிற்பகலில் பிறக்கும் இடிமேகங்கள் மாலையில் நம்மை நோக்கி வருகின்றன. கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேலூருக்கும் திருப்புட்குழிக்கும் நேர்க்கோட்டில் சுமார் 52 கிலோமீட்டர். அன்றைய காலைப் படத்தில் 700, 500 இரண்டிலும் மேல்காற்று 20 நாட் எனக் கண்டால் மணிக்கு 37 கிலோமீட்டர். வேலூரில் நான்கு மணிக்கு இடி முழங்கியதென்று அறிந்தால் ஐந்தரை மணிக்குள் நெல் மூடப்பட்டிருக்கவேண்டும். காற்று 10 நாட் மட்டுமே எனில் மூன்று மணி நேரமாகும். அதற்குள் சூரியன் இறங்க, வழியிலேயே அம்மேகம் பெய்து தீர்ந்துவிடவும் கூடும். அத்தளங்களில் கீழ்காற்றுக் கண்டால் வேலூர் மேகத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். ராடார் படமும் கைவசம் இருப்பின், காலைப் படத்தில் போட்ட கணக்கை மாலையில் அதனோடு ஒத்துப் பார்த்துக்கொள்வது மிகவும் நன்று.

200 மில்லிபார்: கலங்கல்

பன்னிரண்டரை கிலோமீட்டர் உயரத்திலுள்ள இத்தளத்திற்கும் நம் வயலுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். அடுப்புக்குப் புகைபோக்கி எவ்வாறோ அவ்வாறு மழைமேகத்திற்கு இத்தளம். கீழே 850-இல் நாற்புறமும் இருந்து வந்து குவியும் காற்று மேலேதான் எழவேண்டும். எழுந்த காற்று மேலே பரந்து வெளியேற வழியில்லையெனில் ஏறுதல் தடைப்படும். உள்ளே வருவதைவிட மேலே வெளியேறுவது மிகுமானால் தரையில் அமுக்கம் குறைந்துகொண்டே போகும்; சுழி வலுக்கும். ஆதலால் 850-இல் சுழியும் அதற்கு நேர்மேலே 200-இல் எதிர்ச்சுழியும் ஒருங்கே காணப்படுவது தீவிர மழைக்குரிய அடையாளம். ஒரே புயலுக்குக் கீழே ஒரு முகமும் மேலே மற்றொரு முகமும் இருப்பது விந்தையன்று; புயலின் நடுவிலுள்ள காற்றுத் தூண் வெப்பமானது. வெப்பமான தூண் உப்பி உயருமாதலால், கீழ்த்தளம் தொய்ந்திருக்க மேல்தளம் மேடிட்டுவிடுகிறது.

படத்தில் கோடுகள் விசிறிபோல் விரிந்திருப்பதைக் கண்டமாத்திரத்தில் காற்று வெளியேறுகிறது என்று முடிவு செய்துவிடலாகாது. கோடுகள் விரியும்போதே வேகமும் குறைந்துகொண்டு போனால் ஒன்றையொன்று ஈடு செய்துவிடும். விரிந்தும் வேகம் குறையாமலிருந்தால்தான் அது உண்மையான வெளியேற்றம். இறகுகளை எண்ணிப் பார்ப்பது அவசியம்.

தென்மேற்குப் பருவத்தில் 150, 100 மில்லிபார்த் தளங்களில் நம் தீபகற்பத்தின்மேல், ஏறக்குறையச் சென்னையின் அட்சரேகையை ஒட்டி, 60, 80 நாட் வேகத்தில், சில நாட்களில் 100 நாட்டையும் தாண்டி, ஒரு கீழ்காற்று ஆறு ஓடுகிறது. இதைக் குறித்து 1958-இல் விரிவான கட்டுரை வெளியிட்டு உலகறியச் செய்தவர், பின்னாளில் இந்திய வானிலை இலாகாவின் தலைமைப் பதவி வகித்த பி. கோடேஸ்வரம் அவர்கள். கீழே மேல்காற்று, மேலே இக்கீழ்காற்று ஆறு என்னும் அமைப்பு பருவமழையின் கட்டுமானத்திலேயே ஓர் அங்கம் என்பது இன்று யாவரும் ஒப்பியது.

ஐப்பசி, கார்த்திகைப் புயல்கள்

புயலைத் தானே நடந்து வரும் பிராணியாகக் கருதும் எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. உண்மையில் அது ஆற்றில் மிதந்து செல்லும் சுழலைப் போன்றது. அதைச் சூழ்ந்து, தாழ்தளத்திலிருந்து மேல்தளம் வரை ஓடும் காற்றின் சராசரியே அதை இழுத்துச் செல்கிறது. இக்காலத்தில் 500, 200 படங்களில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு முகட்டுக் கோடு கிடக்கும். முகட்டுக்குத் தெற்கே கீழ்காற்று, வடக்கே மேல்காற்று. முகட்டுக்கு வெகு தெற்கே உள்ள புயல் மேற்கு நோக்கி விரைந்து வரும். முகட்டை நெருங்கியது தளர்ந்து நிற்கும். அதைக் கடந்தது வடகிழக்கே திரும்பிவிடும். நமக்குப் பெரும் தீங்கு செய்வது பெரும்பாலும் நடுவிலுள்ளதே.

2016 டிசம்பர் 12-இல் சென்னையருகே கரையேறிய வர்தா புயல் மேற்கு நோக்கி நிலத்தைக் கடந்து சென்றது. அதனால் விழுந்த மரங்கள் எண்ணற்றவை. ஆயினும் மழை நாட்கணக்கில் நீடிக்கவில்லை. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னைக் கரையை ஒட்டிக் கடலில் மெதுவாக வடக்கே ஊர்ந்து, 5-ஆம் தேதி ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையேறியது. புயலின் மையம் நம்மைத் தொடவேயில்லை; எனினும் சென்னையும் சுற்றுப்புறமும் நீரில் மூழ்கின. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரியருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலோ, கரை கடந்தபின் அசையாது நின்றது; மயிலம், புதுச்சேரி முதலிய இடங்களில் ஒரே நாளில் 45 செண்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஏரிப் பாசனத்தை நம்பியுள்ளோருக்குப் புயலின் வேகத்தைவிட அதன் மந்தகதியே அபாயகரமானது. காற்றின் கடுமையை மட்டும் கேட்டுவிட்டு, அது எவ்வளவு விரைவில் நகர்கிறது என்று கேளாதிருப்பவர் பாதிச் செய்தியையே கேட்டவராவார்.

புயலே இல்லாமலும் பெருவெள்ளம் வரும். 2015 டிசம்பர் 2 காலை 8-30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செண்டிமீட்டரும், செம்பரம்பாக்கத்தில் 47 செண்டிமீட்டரும் பதிவாயின. அன்று பெயரிட்ட புயல் எதுவும் கடலில் இல்லை. தென்மேற்கு வங்கக் கடலில் ஒரு தாழ்வு அகடு இருந்தது, ஈரமிக்க கீழ்காற்று இடைவிடாமல் ஒரே கரைப்பகுதியில் வந்து குவிந்தது, அவ்வளவே. அதற்கு முந்திய நவம்பர் மழையால் ஏரிகளும் நிலமும் ஏற்கெனவே நிறைந்திருந்தன. புயல் எச்சரிக்கைக்கொடி ஏறவில்லையே என்று இருந்தவர்கள் ஏமாந்தார்கள். ஆகையால் கார்த்திகையில் 850, 700, 500 மூன்று படங்களிலும் நம் கரையின்மேல் கீழ்காற்று ஆழமாகவும் ஈரமாகவும் நிற்பதையும், கரைக்கருகே இறகுகள் குறைவதையும் (வேகமாக வந்த காற்று அங்கே தேங்குகிறது என்பது பொருள்) கண்டால், புயலின் பெயருக்குக் காத்திராமல் கலங்கலையும் மதகையும் பார்த்து வரவேண்டும். வயல் வடிகாலைத் திறந்துவைக்கலாம். யூரியா போடுவதைத் தள்ளிவைக்கலாம். கதிர் முற்றிய பயிருக்கு அறுவடை இயந்திரத்தை இரண்டு நாள் முன்னதாகவே பேசிவிடலாம்.

எவ்வளவு நம்பலாம்?

இப்படங்களைக் கொண்டு என் வயலில் மழை பெய்யுமா என்று கேட்போருக்கு விடை கிடையாது. இடிமேகம் ஒன்றின் அகலம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். பலூன் நிலையங்களோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடைவிட்டவை. இடையிலுள்ளதைக் கணிப்பொறியின் கணக்கே நிரப்புகிறது. தாமல் ஏரியின் ஒரு கரையில் பெய்து மறுகரையில் பெய்யாதிருப்பதை எந்தப் படமும் சொல்லாது. இன்று இடிமழைக்கு ஏற்ற நாளா, வந்தால் எந்தப் பக்கத்திலிருந்து வரும், எவ்வளவு விரைவில் வரும் என்ற அளவே அவற்றால் அறியலாகும். களத்தில் நெல் பரப்பியிருப்பவருக்கு அந்த அளவே பெரிது. அரசாங்க எச்சரிக்கை வந்துவிட்டால் சொந்த வாசிப்பை ஒதுக்கிவைத்து அதன்படியே நடக்கவேண்டும் என்பதில் ஐயமில்லை.

ஒரு படத்தைத் தனியே பார்ப்பதால் பயன் குறைவு. காலைப் படத்தையும் முந்தின மாலைப் படத்தையும் பக்கத்தில் வைத்து, சுழி எவ்வளவு நகர்ந்தது, ஈரம் கூடியதா குறைந்ததா என்று நோக்கவேண்டும். பழகுவதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதிக்கு எதிரே நான்கு பத்திகள் போட்டு, 850, 700, 500, 200 தளங்களில் மீனம்பாக்கத்துக் காற்றின் திசையையும் வேகத்தையும், 700-இல் ஈர வித்தியாசத்தையும் நாள்தோறும் எழுதி வருக. ஐந்தாவது பத்தியை மறுநாள் காலை வரையில் காலியாக விட்டு, நம்மூரில் பெய்த மழையை அதில் குறிக்க. மழைமானி இல்லாதோர், நேர்ச்சுவருள்ள ஒரு தகர டப்பாவைத் திறந்த வெளியில் மரநிழல் படாமல் வைத்து, காலை எட்டரை மணிக்கு அளவுகோலால் அளந்தால் போதுமானது. ஆடி முதல் தேதியன்று தொடங்கினால், சொர்ணவாரி அறுவடை வருவதற்குள் முப்பது நாற்பது நாள் கணக்குச் சேர்ந்துவிடும்.